மீனுக்கும் பாஸ், மனிசருக்கும் பாஸ்

லோறன்ஸ் அவெனியூ கிழக்கே போய் முடிகிற இடத்தில் ரூஜ் பீச் இருக்கிறது. ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இடம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு பக்கம் ஒன்ராறியோ ஏரி. மற்றப் பக்கம் ரூஜ் ஆறு ஏரியோடு சேருவதற்கு முன்னம் பரந்து கிடக்கிற சதுப்பு. இடையிலே கோ ரெயின் ஓடுகிற பாலம். கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் மணலில் நடந்தால் தமிழ் தாராளமாய்க் காதில் விழும்.

போன வருடம் மே மாதக் கடைசியில் ஒரு பின்னேரம் அங்கே நின்றேன். காரின் பின்பெட்டியில் ஒரு மெல்லிய தூண்டில் எப்போதும் கிடக்கும். வேலை முடிந்து வருகிற வழியில் ஒரு மணித்தியாலம் சதுப்போரம் நின்றுவிட்டுப் போவது எனக்குப் பழக்கம். மீன் பட்டால் பட்டது, படாவிட்டால் நாரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அன்றைக்கு எனக்குப் பத்தடி தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். எழுபது தாண்டியிருக்கும். மடிக்கிற கதிரை, ஒரு வெள்ளை வாளி, ரிம் ஹோர்ட்டன் கோப்பைக்குள் மண்ணும் மண்புழுவும்.

"தம்பி, படுதோ?"

"இல்லையண்ணை. உங்களுக்கு?"

"ரெண்டு கிடக்கு. நல்ல சாமான்."

வாளியை எட்டிப் பார்த்தேன். இரண்டும் பாஸ். பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுத்த கோடு, கண்ணுக்குப் பின்னால் வரைக்கும் கிழிந்த வாய். ஒவ்வொன்றும் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மே மாதத்தில் இந்த மீனை வாளியில் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனி மாதப் பிற்பாதியில்தான் அதற்குக் கதவு திறக்கும். சொல்லுவோமா விடுவோமா என்று யோசித்தேன். வயதில் மூத்தவர். பார்த்தவுடனே தம்பி என்று கூப்பிட்டவர். முகத்தில் அவ்வளவு சந்தோசம். வாயை மூடிக்கொண்டு என்னுடைய தூண்டிலுக்குத் திரும்பினேன்.

இருபது நிமிசம் கழித்து அதிகாரி வந்தார். இளம் பெண். இடுப்பில் துவக்கு, மார்பில் தடித்த கவசம், பொலிசைப் போலவேதான் உடுப்பு. எங்கள் பெரியவர் அதைக் கண்டதும் எழும்பி நின்றார். நின்ற விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கை இரண்டும் பக்கத்தில், தலை கொஞ்சம் குனிந்து, கண் நிலத்தில். ரொறன்ரோவில் யாரும் யார் முன்னாலும் அப்படி நிற்பதில்லை. பண்ணைப் பாலத்துக் காவலரணில் நின்ற ஆட்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"பாஸ் கேக்கிறாளோ தம்பி? என்னட்டை இல்லை. மகன் எடுத்துத் தாறன் எண்டவன்..."

நான் இடையிலே போய் மொழிபெயர்த்தேன். வயது என்ன என்று கேட்டார் அந்தப் பெண். எழுபத்தொன்று. அப்படியென்றால் உங்களுக்கு அனுமதி அட்டை வேண்டியதே இல்லை, 65 வயதுக்கு மேற்பட்ட ஒன்ராறியோவாசிகள் அடையாள அட்டை ஒன்றை வைத்திருந்தால் போதும் என்றார். பெரியவர் நம்பவில்லை. நான் இரண்டாம் முறையும் சொன்னேன். பிறகு அவர் வாளியைப் பார்த்தார். முகம் மாறியது. அட்டை வேண்டாம், ஆனால் காலமும் அளவும் எல்லாருக்கும் ஒன்றுதான், இந்த மீன் இப்போது முட்டை காக்கிற காலம் என்று விளக்கினார். இரண்டையும் தண்ணீரில் விட்டோம். ஒன்று வாலை ஒரு தரம் உதறிவிட்டுப் போய்விட்டது. மற்றது வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. தண்டம் எழுதவில்லை, எச்சரித்துவிட்டுப் போனார்.

பெரியவர் கதிரையில் இருந்து கன நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அங்கையும் பாஸ். இங்கையும் பாஸ். மீனுக்கும் ஒரு பேர் பாஸ். உந்தச் சொல்லு என்னை விடாது போல."

நான் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சொல் என்னையும் விடவில்லை. அதுதான் இதை எழுதுகிறேன்.

அவர் குருநகர்க்காரர். 2009க்குப் பிறகு மகன் கூப்பிட்டு வந்தவர். யாழ்ப்பாணம் ராணுவத்தின் கைக்குப் போன பின் அவர் கடலுக்குப் போன வருடங்கள் எல்லாம் பாஸோடு போன வருடங்கள். விடிந்த பிறகுதான் இறங்கலாம், பொழுதுபடுவதற்கு முன் கரையில் நிற்கவேண்டும், இறங்கும்போது பாஸைக் காவலரணில் கொடுத்துவிட்டு ஏறும்போது வாங்கவேண்டும். காற்று மாறி ஒருநாள் பிந்தி வந்தால் அடுத்த நாள் பாஸ் இல்லை. திரளி கூட்டமாய் ஓடுவது எப்போது, றால் எழும்புவது எந்த இருட்டில் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருக்கவேண்டும். அந்தப் பாஸ் மீனைக் காப்பாற்ற வந்ததல்ல. மனிசரைக் கடலில் இருந்து விலக்கிவைக்க வந்தது.

எனக்கு அந்தப் பாஸ் தெரியாது, நான் அதற்கு முன்னமே வெளிக்கிட்டுவிட்டேன். ஆனால் கடல் தடை தெரியும். 1984இல் வடகடலை வலயங்களாகப் பிரித்து இங்கே போகலாம் அங்கே போகக்கூடாது என்று அரசு அறிவித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு கொழும்புத்துறைப் பக்கம். கடல் என்று சொல்வோமே தவிர அது கடல்நீரேரி. முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர், நடந்தே கன தூரம் போகலாம். வற்றுக் காலத்தில் சாதாளைப் புல் தலை காட்டும். அந்தப் புல்லுக்குள்தான் ஓராவும் ஒட்டியும். களங்கண்ணிக் கம்புகள் வரிசையாய் நிற்கும், ஒவ்வொரு கம்பிலும் ஒரு நீர்க்காகம்.

அங்கே எனக்குத் தூண்டில் போடக் காட்டித் தந்தது என்னோடு படித்த ஒருவனின் தகப்பன். ஒரு சின்னத் தடியில் சுற்றிய தங்கூசி, ஒரு ஈயக்குண்டு, ஒரு முள், இரைக்கு றால் துண்டு. அவ்வளவுதான். தங்கூசியைச் சுட்டுவிரலில் வைத்துக்கொண்டு நின்றால் மீன் மணந்து பார்ப்பதுகூட விரலுக்குத் தெரியும். ஒருநாள் நாலு கீளி மீனோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா அடித்தார். மீனுக்காக இல்லை. காசு கொடுத்து வாங்கி அதே மீனைத்தான் அன்றைக்கும் வீட்டில் சமைத்தார்கள். "உது எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ" என்பதுதான் அடிக்குக் காரணம். மீனைத் தின்னலாம், பிடிக்கக்கூடாது. பிடிக்கிறவனை வீட்டுப் படலைக்கு வெளியே நிற்பாட்டி வைத்துத்தான் விலை பேசலாம். இன்றைக்கு ஸ்காபரோவில் முந்நூறு டொலர் கொடுத்துத் தூண்டில் வாங்கி முகநூலில் படம் போடுகிற எங்கள் ஆட்களில் எத்தனை பேருடைய வீட்டில் அதே அடி விழுந்திருக்கும் என்று நினைத்துச் சிரிப்பேன். கனடா வந்து சாதி போய்விட்டது என்று யாரும் அவசரப்பட்டுச் சந்தோசப்படவேண்டாம். பொழுதுபோக்கு என்று பெயர் மாறியபடியால் தூண்டிலுக்கு மட்டும் விடுதலை கிடைத்திருக்கிறது.

1993இல் கிளாலியால் வெளியே வந்தேன். அதே ஆழமில்லாத தண்ணீர்தான். இரவில் வள்ளத்தில் இருந்து இறங்கி முழங்காலளவில் நடந்தபோது சேறு காலைப் பிடித்தது. அதற்குப் பிறகு ஆழமில்லாத தண்ணீரை நான் தேடிப் போனதில்லை, இந்த நாட்டில் தூண்டிலை மறுபடி கையில் எடுக்கும் வரை.

இனி அந்த அதிகாரி சொன்ன விசயத்துக்கு வருகிறேன். பாஸ் மீன் வசந்தத்தின் கடைசியில் கரையோர ஆழமில்லாத தண்ணீரில் வாலால் விசிறிக் குழி பறித்துக் கூடு கட்டும். முட்டையிட்டுவிட்டுப் பெண் போய்விடும். ஆண் நின்று காக்கும். காவல் நிற்கிற ஆண் பசியால் மட்டும் இரையைக் கடிப்பதில்லை. கூட்டுக்குக் கிட்ட வருகிற எதையும் துரத்தும். அதனால்தான் அந்தக் காலத்தில் பிடிக்கிறது அவ்வளவு சுலபம். பெரியவரின் புழுவுக்கு இரண்டு பட்டதன் இரகசியமும் அதுவாய்த்தான் இருக்கும். ஆணைத் தூக்கிவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே மற்ற மீன்கள் வந்து முட்டையை மேய்ந்துவிடும். கருங்கடல், கஸ்பியன் பக்கத்தில் இருந்து கப்பல் தண்ணீரோடு வந்து இந்த ஏரிகளில் பெருகிவிட்ட கோபி என்கிற சின்ன மீன் இதில் கெட்டிக்காரன். ஆக வாளியில் கிடந்தது இரண்டு மீன் இல்லை, இரண்டு கூடு.

இதை எனக்கு யாரும் முதலில் விளக்கிச் சொல்லவில்லை. எனக்கும் அந்த அட்டை முதலில் எரிச்சலாய்த்தான் இருந்தது. பதினெட்டில் இருந்து அறுபத்துநாலு வயது வரைக்கும் ஒன்ராறியோவில் தூண்டில் போட அட்டை வேண்டும். அதிலும் இரண்டு விதம். ஒன்றில் கூட மீன் வைத்திருக்கலாம், மற்றது விலை குறைவு, மீனும் குறைவு. பாஸ் என்றால் ஒன்றுக்கு ஆறு, மற்றதுக்கு இரண்டு. இதென்னடா, தண்ணீருக்கும் மீனுக்கும் இவன் என்ன சொந்தக்காரன் என்று நானும் கேட்டிருக்கிறேன். (இந்தக் கேள்வியை இந்த நாட்டில் கேட்க உரிமை உள்ளவர்கள் ஆதிக்குடிகள். நானில்லை. அதையும் பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.)

என் மனதை மாற்றியது ரூஜ் இல்லை, ரெக்சாஸ். 2018 மார்கழியில் ஹூஸ்ரனில் இருக்கிற மருமகன் வீட்டுக்குப் போனேன். அவன் கல்வெஸ்ரன் பக்கத்துச் சதுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். அடி தட்டையான சின்ன வள்ளம். எஞ்சினை நிற்பாட்டிவிட்டு நீண்ட கம்பால் ஊன்றி ஊன்றிப் போகிறார்கள், எங்கள் ஊரில் மரக்கோல் ஊன்றுவதைப் போலவே. முழங்காலளவு தண்ணீர், இரு பக்கமும் கோரைப் புல், அடியிலே சிப்பிப் படுகை. எனக்கு ஊர் மணம் அடித்தது. உப்பும் சேறும் அழுகின புல்லும் கலந்த அதே மணம்.

அங்கே தேடிப் போவது ரெட்ஃபிஷ் என்கிற செம்மீன். செப்புக் காசின் நிறம், வாலடியில் கண்ணைப்போல ஒரு கறுத்தப் பொட்டு. நண்டையும் றாலையும் தேடித் தலையைச் சேற்றில் புதைத்து மேயும்போது தண்ணீர் போதாமல் வால் வெளியே நிற்கும். நாங்கள் தேடுவது மீனை இல்லை, அந்த வாலை. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும். வள்ளத்தில் கால் தட்டக்கூடாது. கையில் ஏழடி மெல்லிய தூண்டில், பத்து இறாத்தல் தாங்குகிற நூல், றாலைப்போலச் செய்த ஒரு ரப்பர் இரை. வாலுக்கு நேரே எறிந்தால் மீன் பறந்துவிடும். அதற்கு அப்பால் எறிந்து, மெல்ல இழுத்து, அது பார்க்கிற வழியில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். பட்டுவிட்டால் அந்த ஆழமில்லாத தண்ணீரில் அது கீழே போக வழியில்லை, பக்கவாட்டில்தான் ஓடும். சக்கரம் கத்துகிற சத்தத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது.

மருமகன் மீனைப் பலகையில் வைத்து அளந்தான். பதினெட்டு அங்குலம். திருப்பி விட்டான். அடுத்தது இருபத்தொன்பது. அதையும் விட்டான்! எனக்குப் பொறுக்கவில்லை. "சின்னன் எண்டாலும் விடுறாய், பெரிசெண்டாலும் விடுறாய், அப்ப என்னத்தையடா தின்னுறது?" இருபதுக்கும் இருபத்தெட்டுக்கும் இடையில் உள்ளதுதான் வைத்திருக்கலாம் மாமா, அதுவும் ஆளுக்கு மூன்று என்றான். இந்த மீன் முதல் சில வருடம் சதுப்பில் வளர்ந்து, இருபத்தெட்டு முப்பது அங்குலம் ஆனதும் வளைகுடாவின் திறந்த கடலுக்குப் போய்விடும். அங்கே போய்த்தான் முட்டையிடும். நாற்பது வருடம்வரை வாழக்கூடியது. சின்னதை விட்டால் வளரும், பெரிசை விட்டால் பெருகும். இடையில் உள்ளதை நாங்கள் சாப்பிடலாம். சட்டத்தை எழுதினவன் மீனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறான் என்று பட்டது.

ஒரு காலத்தில் அங்கேயும் அந்த மீன் அழிகிற நிலைக்கு வந்தது. 1980களில் நியூ ஓர்லியன்ஸ் சமையற்காரர் போல் புருடோம் மிளகாயும் வாசனைச் சரக்கும் தடவி இரும்புச் சட்டியில் கருக்கி எடுக்கிற ஒரு ரெட்ஃபிஷ் கறியைப் பிரபலப்படுத்தினார். அமெரிக்கா முழுக்க அந்த மீனைக் கேட்டது. பெரிய வலைக் கப்பல்கள் வளைகுடாவில் முட்டையிடுகிற கூட்டத்தையே சுற்றி வளைத்தன. ரெக்சாஸ் 1981இலேயே தன் கரையோர ரெட்ஃபிஷ்ஷை விற்கத் தடை போட்டிருந்தது, லூசியானா 1988இல் வியாபாரத்துக்குப் பிடிப்பதை நிறுத்தியது. ஒரு சட்டிக் கறி ஒரு மீனினத்தை முடிக்கப் பார்த்தது, சட்டம் வந்து பிடித்து நிறுத்தியது. இன்றைக்கு நான் அந்த வாலைப் பார்த்தேன் என்றால் அதனால்தான்.

ஆனால் கதை இவ்வளவு சுத்தமில்லை. அதே கல்வெஸ்ரன் குடாவில் அதே 1981இல் இன்னொன்றும் நடந்தது. வியட்நாம் போர் முடிந்து அகதியாய் வந்த மீனவர்கள் அந்தக் கரையில் றால் வள்ளம் ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். இரவு பகல் பாராமல் உழைக்கிற ஆட்கள். அந்தக் கரையின் எழுதாத வழக்கங்கள் அவர்களுக்குத் தெரியாது, சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை. எங்கள் மீனை அள்ளுகிறார்கள், சட்டம் மதிக்கிறார்களில்லை என்று பேச்சு எழும்பியது. 1979இல் சீட்ரிஃப்ற் என்ற ஊரில் நண்டுப் பெட்டித் தகராறில் ஒரு வெள்ளை மீனவர் சுடப்பட்டு இறந்தார். தற்காப்பு என்று சொல்லி வியட்நாமிய இளைஞர்களை ஜூரி விடுதலை செய்தது. வியட்நாமியரின் வள்ளங்கள் எரிந்தன. 1981இல் கூ குளக்ஸ் கிளான் உள்ளே வந்தது. முக்காடும் துவக்குமாய் வள்ளத்தில் ஏறிக் குடாவைச் சுற்றி வந்தார்கள், வள்ளத்தில் ஒரு உருவப் பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். வியட்நாமிய மீனவர் சங்கம் நீதிமன்றம் போனது. நீதிபதி கபிரியேல் மக்டொனால்ட், ஒரு கறுப்பினப் பெண், கிளானுக்குத் தடை உத்தரவு போட்டார். (பின்னாளில் யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களுக்கான சர்வதேச நீதிமன்றத்தின் தலைவராக இருந்தவரும் இவர்தான். எங்கள் ஆட்கள் ஹேக் ஹேக் என்று சொல்லும்போது எனக்கு இந்தப் பெண்ணின் ஞாபகம் வரும்.)

ரெக்சாஸில்தானே என்று நினைக்கவேண்டாம். எங்கள் வீட்டில் இருந்து ஒரு மணித்தியாலம் வடக்கே ஓடினால் சிம்கோ ஏரி. 2007இல் அந்தப் பக்கத்துப் பாலங்களிலும் படகுத்துறைகளிலும் இரவில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆசிய முகம் கொண்டவர்களைப் பின்னால் வந்து தண்ணீருக்குள் தள்ளிவிடுவது சில உள்ளூர் இளைஞர்களுக்கு விளையாட்டாய் இருந்தது. அதற்கு 'நிப்பர் ரிப்பிங்' என்று ஒரு பெயர்வேறு, ஆசியரைச் சொல்லும் பழைய வசவு ஒன்றில் இருந்து பிறந்தது. அந்த செப்ரெம்பரில் ஜோர்ஜினா பகுதியில் ஒரு இரவு தள்ளுப்பட்டுத் தகராறு முற்றி, தப்பி ஓடினவர்களின் காரைத் துரத்திப்போய் இடித்ததில் ஒரு இளைஞனுக்கு மூளை நிரந்தரமாய்ப் பாதிக்கப்பட்டது. அவன் ஆசியன்கூட இல்லை, நண்பர்களோடு போனவன். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு விசாரித்து 2008இல் அறிக்கை விட்டது. பயமில்லாமல் மீன் பிடிப்பது என்ற கருத்தில் அதற்குத் தலைப்பு.

அந்த நாட்களில் வானொலியிலும் கடைகளிலும் நான் கேட்ட ஒரு கதை இன்னும் காதுக்குள் நிற்கிறது. "தள்ளினது பிழைதான், ஆனால் அவங்களும் அளவு பார்க்காமல் வாளி வாளியாய் அள்ளுறாங்கள்தானே?" இந்த 'ஆனால்' இருக்கிறதே, அதுதான் நஞ்சு. மீன் சட்டத்தை யாராவது மீறினால் அதைப் பார்க்க அதிகாரி இருக்கிறார், அழைக்க இலக்கம் இருக்கிறது. கரையில் நிற்கிற ஒருவனிடம் இன்னொருவன், அவன் தோலைப் பார்த்து, அட்டையைக் காட்டு என்று கேட்கிற அந்த நொடியில் அந்த அட்டை குருநகர்ப் பெரியவரின் பாஸாக மாறிவிடுகிறது. அட்டையில் எழுதியிருப்பது ஒன்றுதான். கேட்கிறவன் யார், எதற்காகக் கேட்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கே இரண்டு தரம் நடந்திருக்கிறது. ஒருவன் நாயோடு நடந்து வந்து கேட்டான். நான் காட்டவில்லை. என்னிடம் அட்டை இருந்தது. இருந்தும் காட்டவில்லை. அதிகாரி கேட்டால் சிரித்துக்கொண்டு காட்டுவேன்.

சரி, இதனாலேயே எங்கள் ஆட்கள் செய்கிறதைப் பற்றி நாங்கள் பேசாமல் இருக்கவேண்டுமா? அவர்கள் வாய்க்கு அவல் கொடுக்கக்கூடாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதை எழுதப்போகிறேன் என்றபோதும் ஒருவர் தொலைபேசியில் அதையே சொன்னார். "எங்கட குறையை நாங்களே ஊருக்குச் சொல்லுறதோ?" தமிழில் எழுதுகிறேன், நாய்க்காரன் வாசிக்கப்போவதில்லை. நாங்கள்தான் வாசிக்கப்போகிறோம்.

நான் கண்டதைச் சொல்கிறேன். காலம் பார்க்காமல் பாஸ் வைத்திருக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். இலையுதிர் காலத்தில் முட்டையிட ஆறேறுகிற சல்மனை இடுப்பில் கொளுவி இழுக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், அதில் வெள்ளைக்காரரும் இருந்தார்கள், எங்கள் பொடியளும் இருந்தார்கள். ஒவ்வொரு தரமும் பேசாமல் நின்றேன், அந்தப் பெரியவரிடம் நின்றதைப்போல. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் அது கோழைத்தனம். நான் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு மீனும் உயிரோடு போயிருக்கும். அதைவிட, எழுபத்தொரு வயது மனிசன் ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் அப்படிக் குனிந்து நின்றிருக்கமாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. இராமேஸ்வரத்து இழுவைப்படகுகள் எங்கள் கடலின் அடியைச் சுரண்டுகின்றன என்று வருடக்கணக்காய் நாங்கள் சத்தம் போடுகிறோம். சரியான சத்தம். 2017இல் சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணை சட்டமாகி இலங்கையில் இழுவை முறைக்கே தடை வந்தது. எங்கள் கடலுக்கு முறை வேண்டும், குஞ்சை அள்ளக்கூடாது, முட்டைக்காலத்தில் விடவேண்டும் என்று அங்கே கேட்கிற வாய், இங்கே ரூஜ் சதுப்பில் "என்ன ரெண்டு மீன்தானே" என்று சொல்வது எனக்குப் பொருந்தவில்லை. ரொறன்ரோ எல்லைக்குள் ஆற்றுவாயில் இவ்வளவு பெரிய சதுப்பு வேறு மிஞ்சவில்லை. மற்றவற்றில் பெரும்பகுதியை நிரவித் துறைமுகமும் தொழிற்சாலையும் கட்டிவிட்டார்கள். இது தப்பியது, 2015இல் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவும் ஆனது.

பிடித்து விடுகிற ஆட்கள் எல்லாம் மகான்கள் என்றும் நான் சொல்லவில்லை. என் மனைவி கேட்பாள், தின்னவும் மாட்டீர்கள், பிறகேன் அந்த வாயில்லாச் சீவனின் வாயைக் கிழிக்கிறீர்கள் என்று. பதில் இல்லை. எங்கள் ஊரில் விளையாட்டுக்கு மீன் பிடித்தவன் எவனும் இல்லை. பசிக்குப் பிடித்தான், விலைக்குப் பிடித்தான். மெல்லிய தூண்டில், மெல்லிய நூல் என்பதில் ஒரு பெருமை இருக்கிறது, அதிலும் ஒரு பொய் இருக்கிறது. நூல் மிகவும் மெல்லியதாய் இருந்தால் மீனை நெடுநேரம் அலைக்கழிக்கவேண்டும். கோடைச் சூட்டில் அப்படி அலைந்து களைத்த மீன் நீந்திப் போவதைப் படம் எடுத்துப் போடலாம், அது பிறகு செத்து மிதப்பதை யாரும் படம் எடுப்பதில்லை. விடுவதென்றால் கெதியாய்க் கரைக்குக் கொண்டுவந்து, முள்ளின் பின்கூரை முன்னமே நசுக்கி வைத்து, ஈரக் கையால் பிடித்துத் தண்ணீரிலேயே விடவேண்டும். தின்பதென்றால் காலம் பார்த்து, அளவு பார்த்து, கொன்று, சமைத்து, ருசித்துத் தின்னவேண்டும். இரண்டிலும் எனக்கு மரியாதை உண்டு. காலம் வந்த பிறகு பிடித்த பாஸில் வைத்த குழம்புக்கு நான் எதிரியில்லை.

குழம்பு என்றபடியால் ஒன்று. ரூஜிலும் ரொறன்ரோக் கரையிலும் கிடைக்கிற பெரிய கார்ப் மீனை எங்கள் ஆட்கள் விரும்பிக் கொண்டுபோகிறார்கள். கெண்டைச் சாதிதான், சினையும் நிறைய இருக்கும். சதுப்பின் செடிகளைக் கிண்டிப் பிடுங்கிச் சேற்றைக் கலக்குகிற வந்தேறி மீன் அது. ஹமில்ரனில் அது சதுப்புக்குள் போகாமல் தடுக்கவே 1990களின் பிற்பாதியில் தாவரவியற் பூங்காக்காரர் ஒரு வாசல் கட்டினார்கள். (வந்தேறி என்ற சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது, இருக்கட்டும்.) அதைப் பிடிப்பதில் பாவம் குறைவு. ஆனால் அடியில் மேய்ந்து வருடக்கணக்காய் வளர்ந்து கொழுப்பேறிய மீனில் பழைய தொழிற்சாலை நஞ்சும் சேர்ந்திருக்கும். எந்த இடத்தில், எந்த மீனை, எந்த அளவில், மாதம் எத்தனை தரம் சாப்பிடலாம் என்று ஒன்ராறியோ அரசு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது, இணையத்தில் இலவசம். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் தனிக் கணக்கு. பெரிய மீன் கிடைத்தால் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிற அம்மம்மாமார் அதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். பார்க்கத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவரைப் பிறகும் கண்டேன். முதல் இரண்டு கிழமை வரவில்லை, வெட்கம் என்று நினைக்கிறேன். தந்தையர் தின வார இறுதியில் மகனையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வார இறுதியில் கனடாவாசிகள் யாரும் அட்டை இல்லாமல் தூண்டில் போடலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பேரனுக்கு எட்டு வயது. தமிழ் விளங்கும், பேசமாட்டான். பெரியவர் அவனுக்குத் தங்கூசியைச் சுட்டுவிரலில் வைத்துக்கொண்டு நிற்கப் பழக்கிக்கொண்டிருந்தார். சுழற்றுகிற சக்கரத்தூண்டில் வேண்டாமாம், விரலுக்குத் தெரியவேண்டுமாம். சதுப்பின் ஓரத்தில் கார்ப் ஒன்று தலையைப் புதைத்து மேய்ந்துகொண்டிருந்தது, வால் வெளியே நின்றது. நான் காட்டினேன். மூன்று பேரும் பார்த்தார்கள்.

போகும்போது என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தம்பி, உந்தப் பாஸ் எத்தினையாம் திகதியில இருந்து பிடிக்கலாம்?"

சொன்னேன். சட்டைப்பையில் இருந்து ரிம் ஹோர்ட்டன் பற்றுச்சீட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் எழுதி, மடித்து வைத்துக்கொண்டார்.